வார்ப்பிரும்புத் தட்டு ஏன் உடைந்தது: ஒரு சிறிய கரி அடுப்பை மாற்றியமைத்த எட்டு மாதங்கள்

பின்னணி

கோவையில் ஒரு வீடு. பெரியவர் பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் மருமகனும் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார்கள். அன்று மாலை மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டிக் கோழியோ மீனோ சுடுவது அந்த வீட்டு வழக்கம். அடுப்பை வாங்கிவந்தவர் மருமகன்.

அடுப்பு மிகச் சிறியது. 14 அங்குல வாய் கொண்ட, எனாமல் பூசிய இரும்புக் கிண்ணம். மூன்று கம்பிக் கால்கள். கவிழ்த்து மூட ஒரு மூடி. அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒன்று. ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். 1952இல் சிகாகோவில் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், மிதவை செய்வதற்கான இரும்புக் கோளத்தைப் பாதியாக்கி முதல் கெட்டில் அடுப்பைச் செய்தார். இன்று விற்கும் சிறிய அடுப்புகளும் அந்த வடிவத்தின் வழிவந்தவைதாம். கீழே நுழையும் காற்று கரியின் ஊடாக மேலேறி மூடித் துளை வழியே போக வேண்டும். அந்தப் பாதையைத் திறப்பதும் அடைப்பதும்தான் இந்த அடுப்பில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் முக்கிய வழி. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த தவறுகளில் பாதி இதை மறந்ததால் நடந்தவை.

குறை எழுந்தது மேலே இருந்த கம்பித்தட்டில். குரோமியம் பூசிய மெல்லிய கம்பி. ஓராண்டில் பூச்சு உரியத் தொடங்கிவிட்டது. மீன் துண்டைத் திருப்பினால் தோல் கம்பியோடு போய்விடும். வீட்டு அம்மா நாற்பது ஆண்டுகளாகப் புழங்கும் தோசைக்கல்லைக் காட்டி, "இந்த இரும்பிலேயே ஒரு தட்டு வார்த்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. கோவையில் வார்ப்படப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்புசெட் தொழிலை நம்பியே எத்தனையோ பட்டறைகள் வளர்ந்த ஊர் இது. அந்த அளவில் ஆயத்தத் தட்டு கடையில் கிடைக்கவில்லை என்றதும், நாமே வார்த்துக்கொள்வோம் என்று முடிவானது.

நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். பாலிடெக்னிக் பணிமனை ஒன்றில் வார்ப்படப் பிரிவைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் எதையும் சொல்லவில்லை.

கை வைப்பதற்கு முன் அளந்தவை

தை மாதத்தில், மாற்றம் எதுவும் செய்வதற்கு முன், இருந்த நிலையைக் குறித்துவைத்தோம். கம்பித்தட்டின் எடை 430 கிராம். கம்பி 3 மில்லிமீட்டர் கனம், 13 மில்லிமீட்டருக்கு ஒன்று. கணக்குப் போட்டால் தட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் திறப்பு. கரி நீறு பூத்த பிறகு தட்டை வைத்தால் ஐந்து நிமிடத்தில் சமைக்கத் தயார்.

மருமகன் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வைத்திருந்தார். அதைப் பளபளக்கும் குரோமியக் கம்பியின் மேல் காட்டினால் உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். மினுங்கும் பரப்பு அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளிவிடும். கறுத்த வார்ப்பிரும்பில் அதே கருவி ஏறக்குறைய சரியாகக் காட்டும். எனவே இரண்டையும் அந்த எண்களால் ஒப்பிட முடியாது என்று சொல்லி, ரொட்டித் துண்டுச் சோதனை செய்தோம். தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கவிழ்த்து வரிசையாக அடுக்கினால் எங்கே சூடு அதிகம், எங்கே குறைவு என்பது நிறமாகத் தெரிந்துவிடும். கம்பித்தட்டில் நடுத்துண்டுகள் கருகின, ஓரத் துண்டுகள் வெளுத்தே இருந்தன. அம்மா அந்தத் துண்டுகளை ஒரு தட்டில் அதே வரிசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம்தான் கைகொடுத்தது.

முதல் தட்டு

பெரியவர் வரைந்த வரைபடம் சுத்தமாக இருந்தது. ஒரே வட்டத் தட்டு, விட்டம் 345 மில்லிமீட்டர். சுற்றிலும் 16 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம். உள்ளே 10 மில்லிமீட்டர் அகலச் சட்டங்கள், இடையே 12 மில்லிமீட்டர் இடைவெளி. கிண்ணத்தின் சுவருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தாள் கனம்தான் விட்டிருந்தார். "இறுக்கமாக உட்கார்ந்தால்தான் ஆடாது சார்" என்றார். எந்திரங்களோடு பழகியவரின் கை அப்படித்தான் நினைக்கும். வளையத்தைத் தடிமனாக வைத்ததற்கும் அவர் காரணம் சொன்னார்: விளிம்புதான் பாரத்தைத் தாங்குகிறது, அது உரமாக இருக்க வேண்டும்.

அந்த வரைபடத்தை நான் பார்த்தேன், சரி என்றேன். இதைப் பதிவு செய்தாக வேண்டும். வார்ப்படத்தில் கனம் மாறும் இடமெல்லாம் பிற்காலத்தில் தொல்லை தரும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். வீட்டு அடுப்புத்தானே என்ற எண்ணம் அந்தப் பாடத்தை மறைத்துவிட்டது.

ஆசாரி மரத்தில் பேட்டர்ன், அதாவது தட்டின் மாதிரி வடிவம், செய்துகொடுத்தார். பட்டறையில் அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்த மண்ணச்சில் வார்த்தார்கள். இரண்டு நாளில் தட்டு வந்தது. எடை 3.9 கிலோ, அதாவது பழைய தட்டைப்போல் ஒன்பது மடங்கு. திறப்பு முக்கால் பங்கிலிருந்து 45 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தட்டு கிண்ணத்துக்குள் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிறு கோழித் தொடைத் துண்டுகள். தட்டு சூடேற 22 நிமிடங்கள் ஆயின. துண்டுகளை வைத்ததும் 'சுர்' என்று சத்தம், திருப்பினால் கறுத்த அழகான கோடுகள். மருமகன் படம் எடுத்தார். ஆனால் வெட்டிப் பார்த்தால் எலும்போரம் சிவப்பு. கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குத்துவெப்பமானி 58 காட்டியது. கோடு விழுந்த இடம் வெந்தது, கோட்டுக்கு நடுவில் வேகவில்லை. கம்பித்தட்டில் கனலின் வெக்கை நேராகக் கறியில் அடிக்கும். இங்கே அந்த வெக்கையில் பாதிக்கு மேல் இரும்பு மறைத்துவிட்டது. இரும்பு வாங்கிய சூடு தொட்ட இடத்துக்கு மட்டும் போனது. எல்லாத் துண்டுகளையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் குக்கரில் வேகவைத்துச் சாப்பிட்டோம்.

கரி போதவில்லை என்று நினைத்தோம். இரண்டாம் ஞாயிறு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் சீமைக் கருவேலக் கரிக்குப் பதிலாகச் சிரட்டைக்கரி வாங்கி வந்தார் மருமகன். நல்ல சூடு, புகை குறைவு. அவர் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் சிரட்டைக்கரி சிறு சில்லுகளாக இருக்கும். அளவையும் ஒன்றரை மடங்காக்கிக் கொட்டியதும் சில்லுகள் நெருங்கிப் படுத்துக்கொண்டன. மேலே தட்டு காற்றை அடைக்கிறது, கீழே கரியே அடைக்கிறது. மூடியை மூடிய ஐந்தாவது நிமிடம் கனல் மங்கியது. மூடியைத் திறந்து விசிறினால் ஒரு பக்கம் மட்டும் சீறியது. அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது: தட்டு ஒரு புறம் சரிந்திருந்தது. கிண்ணத்தின் உட்சுவரில் தட்டைத் தாங்க நான்கு தகட்டு நாக்குகள் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அரைக் கிலோவுக்குக் குறைவான கம்பித்தட்டுக்காக வைத்தவை அவை. சூட்டில் நான்கு கிலோவைத் தாங்க முடியாமல் இரண்டு நாக்குகள் வளைந்து, தட்டு 6 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது. கொழுப்பு முழுவதும் அந்தப் பக்கமே ஓடிச் சொட்டியது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த மாதம் உறவினர்கள் வருவதாக இருந்ததால், நாக்குகளைக் குறடால் நிமிர்த்திவிட்டு அப்படியே தொடர்ந்தோம்.

மூன்றாம் ஞாயிறு. பன்னிரண்டு பேர் மாடியில். நாக்கு மறுபடி வளைந்து, தாழ்ந்த பக்கம் கொழுப்பு சொட்டி, ஒரு முழ உயரத்துக்குத் தீ எழுந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. அம்மா சட்டென்று ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் ஊற்றினார். சாம்பலும் ஆவியும் குபீரென்று கிளம்பின. அதற்குள்ளே 'டங்' என்று ஒரு சத்தம், கோயில் மணியை ஒரே ஒரு முறை அடித்ததுபோல. தட்டில் விளிம்பிலிருந்து நடு வரை விரிசல்.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நான்தான் கெடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

உடைந்த முகம் சொன்னது

மறுநாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு போய் விரிசல் வழியாகவே முழுதாகப் பிளந்தேன். உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்ததும் கதை வேறு என்று தெரிந்தது.

புதிதாக உடைந்த சாம்பல் நிற வார்ப்பிரும்பு, நறநறவென்று பொடி மணிகளோடு, மங்கிய வெள்ளி போலிருக்கும். இந்த முகத்தில் பெரும் பகுதி அப்படித்தான் இருந்தது. ஆனால் வெளி விளிம்பை ஒட்டி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளத்துக்கு முகம் கறுத்திருந்தது. நகத்தால் கீறினால் கரி மட்டும் வரவில்லை, எண்ணெய் காய்ந்து இறுகிய பழுப்புப் படலமும் வந்தது. சூடான எண்ணெய் உள்ளே கசிந்து காய்ந்து இறுக வேண்டும் என்றால் அந்த இடம் முன்பே திறந்திருக்க வேண்டும். ஒரு செம்புத் தண்ணீர் விழுந்த நொடியில் அது நடக்காது. முதல் சமையலிலோ இரண்டாவதிலோ விளிம்பில் விரிசல் விழுந்துவிட்டது. தண்ணீர் அதை முடித்துவைத்தது, தொடங்கிவைக்கவில்லை.

ஏன் விளிம்பில்? இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. வார்க்கும்போது மெல்லிய சட்டங்கள் முதலில் ஆறி இறுகிவிடும். தடித்த வளையம் கடைசியில் ஆறும். கடைசியில் ஆறுவது சுருங்கப் பார்க்கும், முன்பே இறுகிய சட்டங்கள் விடா. ஆகவே பட்டறையை விட்டு வரும்போதே வளையம் இழுபட்ட நிலையில்தான் வந்தது. பிறகு அடுப்பில் நடுப்பகுதி கொதிக்கிறது, சுவரோரம் இருக்கும் வளையம் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. இந்த விட்டமுள்ள வார்ப்பிரும்பு 300 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். விரியும் நடுப்பகுதி விரியாத வளையத்தை மேலும் வெளியே தள்ளி இழுக்கிறது. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்குள் மெல்லிய ஏடுகளாகக் கிடக்கும் கிராஃபைட்டே விரிசலுக்கு வழி காட்டிவிடும்.

துண்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவரிடம் விளக்கத் தொடங்கி வளையம், ஆரம் (சக்கரத்தின் நடுவையும் வளையத்தையும் இணைக்கும் கால்) என்று சொன்னதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பழைய லைன் ஷாஃப்ட் கப்பிகளில் ஆரமெல்லாம் வளைந்து வளைந்து இருக்கும். அழகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." அந்தக் காலத்து ஆலைகளில் எந்திரங்களைப் பெல்ட் போட்டு ஓட்டிய வார்ப்புச் சக்கரங்களைத்தான் சொன்னார். ஆரம் நேராக இருந்தால் ஆறும்போதே வளையமோ ஆரமோ வெடித்துவிடும். வளைந்திருந்தால் ஆரம் சற்று நெகிழ்ந்து இடம் கொடுக்கும். பழைய வார்ப்புச் சக்கரங்களில் அந்த வளைவுக்கு அதுதான் காரணம்.

அவரே துண்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். "இங்கே பார், இந்தக் கறுப்பு முன்பே இருந்தது. நீ ஊற்றியதால் இல்லை" என்று மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "மண்பானை வாங்கினால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? இதைத் தட்டிப் பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு மரச்சுத்தியால் தட்டியிருந்தால், விரிசல் இல்லாத வார்ப்பு கணீரென்று ஒலித்திருக்கும், விரிசல் விழுந்தது பொத்தென்று ஒலித்திருக்கும். மூன்றாம் ஞாயிற்றுக்கு முன் ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பன்னிரண்டு பேர் சூழ நின்ற மாலையில் அந்தத் தட்டை அடுப்பில் ஏற்றியிருக்க மாட்டோம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தட்டு உடைந்ததற்கு அது முதற்காரணம் இல்லை என்பதால் அது சரியான செயலாகிவிடாது. கொழுப்பு எரியும் கரித் தீயில் தண்ணீர் விழுந்தால் எரியும் கொழுப்பையும் சூட்டுச் சாம்பலையும் அது நாலாபுறமும் வீசும். குழந்தையை இழுத்துவிட்டு, மூடியைக் கவிழ்த்து இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டால் தீ மூச்சுத் திணறி அடங்கும். அன்று மூடி எங்கே இருந்தது என்றால், மாடியின் மறு கோடியில் காய்கறிக் கூடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அங்கிருந்த நாங்கள் எல்லோரும் பொறுப்பு.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

பங்குனியில் மறுபடி உட்கார்ந்தோம். பழைய கம்பித்தட்டுக்கே திரும்பிவிடலாமா என்பதுதான் முதல் கேள்வி. மருமகன் அதையே விரும்பினார். "மாமா, இதற்கு மேல் செலவு வேண்டாம்" என்றார். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. தவறு எங்கே என்று தெரிந்த பிறகு திருத்தாமல் விடுவது அவருக்கு இயலாத காரியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூடிய வளையத்தை முற்றிலும் கைவிட்டோம். தட்டு இரண்டு அரைவட்டங்களாகப் பிரிந்தது. நடுவில் 3 மில்லிமீட்டர், சுவரோரம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் இடைவெளி. விரிவதற்கு இடம் கிடைக்கும். சுவரோரம் காற்று ஏறும். சமையலின் நடுவில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக் கரி போடவும் முடியும். சட்டங்கள் 7 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் ஆழம், இடையே 13 மில்லிமீட்டர். விளிம்பும் அதே கனம்தான். எங்கும் தடிப்பு இல்லை. அரைவட்டத்தின் நேர்விளிம்பில் சட்டம் எதையும் குறுக்கே வைக்கவில்லை. சட்டங்களின் முனைகள் அங்கே சீப்புப் பற்கள்போல் திறந்தே நிற்கும், சூட்டில் தத்தம் போக்கில் நீண்டுகொள்ளும். சட்டமும் விளிம்பும் சேரும் மூலைகளில் கூர்மை இல்லாமல் வளைவு கொடுக்கச் சொன்னோம். இரண்டும் சேர்ந்த எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். திறப்பு 60 சதவீதம்.

பாரத்தைத் தாங்குவது அடுத்த சிக்கல். கிண்ணத்தில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டலாம் என்றார் பெரியவர். நான் தடுத்தேன். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. துரப்பணம் பட்டால் சுற்றிலும் சில்லு தெறிக்கும், அங்கிருந்து துரு தொடங்கும். அதற்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை வளையமாக வளைத்து, மூன்று கால்கள் வைத்து, கிண்ணத்தின் அடியில் ஊன்றி நிற்கும் ஒரு முக்காலி செய்தோம். தட்டு அதன் மேல். நாக்குகளுக்கு வேலையே இல்லை. அடுப்பின் எந்தப் பகுதியையும் துளைக்கவோ வெட்டவோ இல்லை. வேண்டாமென்றால் முக்காலியை எடுத்துவிட்டுக் கம்பித்தட்டை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கம்பி வாங்கப் போன கடையில் துருப்பிடிக்காது என்று சொல்லி ஜி.ஐ. கம்பியைக் கொடுத்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஜி.ஐ. என்றால் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும். கனலின் சூடு அதைவிடப் பல நூறு டிகிரி அதிகம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் போல் உடம்பை உலுக்கும். வெல்டிங் பட்டறைகளில் இது தெரிந்த விஷயம். அடுப்புக்குள் வைக்கும் எதுவும் வெற்று இரும்பாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும்.

பட்டறைக்காரரிடம் மூன்று வேண்டுகோள்கள் வைத்தோம். எந்திரக் கழிவுகளை உருக்கிய கலவை வேண்டாம், தோசைக்கல் வார்க்கும் அதே இரும்பு வேண்டும். வார்த்த பிறகு மண்ணச்சிலேயே இரவு முழுவதும் ஆறட்டும், அவசரப்பட்டு உடைத்து எடுக்க வேண்டாம். மேலே கறுப்புப் பூச்சு எதுவும் அடிக்க வேண்டாம். அவர் சலிக்காமல் கேட்டுக்கொண்டார். அரைவட்டங்கள் கைக்கு வந்ததும் அவர் கண்ணெதிரிலேயே இரண்டையும் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தார் அம்மா. இரண்டும் கணீரென்றன.

பழக்கியது

புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படியோ அப்படியேதான் இதையும் பழக்கினோம். இங்கே முடிவுகளை எடுத்தவர் அம்மா. கம்பித் தூரிகையால் மண் துகள் போகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் மூன்று நாள், தினமும் தண்ணீரை மாற்றி ஊறவைத்தார். பிறகு துடைத்து, தணலில் ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெய் தடவினார். தடவினார் என்பதைவிடத் தடவித் துடைத்தெடுத்தார் என்பதே சரி. விரலில் பட்டால் பிசுக்குத் தெரியாத அளவுக்குத்தான் எண்ணெய் இருக்க வேண்டும். அந்த மெல்லிய படலம் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக் கறுப்புத் தோலாகும். தடிமனாகப் பூசினால் பிசினாக நின்று, பிறகு செதிலாக உரியும். மூன்று முறை பூசி, மூன்று முறை புகை அடங்கும் வரை காய்ச்சினோம். கடைசியில் பாதியாக நறுக்கிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சட்டம் சட்டமாகத் தேய்த்தார்.

எந்தப் பக்கம் மேலே என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. மண்ணச்சிலிருந்து பேட்டர்ன் சிதைக்காமல் வெளியே வருவதற்காகச் சட்டங்களை ஒரு பக்கம் சற்று ஒடுக்கமாகச் செதுக்குவார் ஆசாரி. அதனால் தட்டின் ஒரு முகத்தில் சட்டம் 7 மில்லிமீட்டர், மறுமுகத்தில் 5. அகன்ற முகம் மீனுக்கு, ஒடுங்கிய முகம் கோழிக்கு என்று பழக்கத்தில் முடிவானது. இது எங்கள் திட்டத்தில் இல்லை, வார்ப்பட முறை தானாகக் கொடுத்தது.

பின்னர் நடந்தவை

சித்திரையில் முதல் சமையல். தட்டு 12 நிமிடத்தில் சூடேறியது. ரொட்டித் துண்டுகளில் ஓரத்துக்கும் நடுவுக்கும் வேற்றுமை இருந்தது, ஆனால் பழைய படத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. கோழித் தொடையை முதலில் நேர்க்கனலில் கோடு விழ வைத்து, பிறகு கரி இல்லாத பாதிக்கு நகர்த்தி மூடியைப் போட்டோம். எலும்போரம் 76 டிகிரி வந்தது.

உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த வஞ்சிரம்தான் உண்மையான பரீட்சை. துண்டை வைத்ததும் இடுக்கியால் அசைத்துப் பார்க்க எல்லோர் கையும் துறுதுறுக்கும். அம்மா யாரையும் தொடவிடவில்லை. மூன்று நிமிடம் கழித்துத் துண்டின் ஓரத்தை லேசாக உயர்த்தினார். தோல் முழுசாக, ஒரு இழை மிச்சமில்லாமல் கழன்றது.

குறைகளும் வந்தன. எலுமிச்சைச் சாறும் தயிரும் சேர்த்து ஊறவைத்த கோழியை வழிய வழியத் தட்டில் வைத்தபோது, பழக்கிய கறுப்புத் தோல் அங்கங்கே போய்ச் சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்தன. புளிப்பு அதைச் செய்யும்; இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைக்காததற்கும் அதுவே காரணம். இப்போது மசாலாவை வழித்துவிட்டு வைக்கிறார்கள், எலுமிச்சையைச் சுட்ட பிறகு பிழிகிறார்கள். ஒருமுறை தட்டை மாடியிலேயே மறந்துவிட்டார்கள். இரவு பெய்த ஒரே மழையில் சிவந்த துரு. தேய்த்துத் திரும்பப் பழக்க ஒரு பகல் போனது.

ஆடியில் வேறொரு சோதனை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று எங்கள் ஊரில் மாடியில் ஆளையே தள்ளும். அடித்துளை வழியே காற்று பாய்ந்து கனல் சீறியது, பொறி பறந்தது. மருமகனின் நண்பர் ஒருவர், அடுப்பை மாடிப்படி அறைக்குள் தள்ளிக் கதவைப் பாதி சாத்திக்கொள்ளலாம் என்றார். நான் உறுதியாக மறுத்தேன். கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. தலை கிறுகிறுக்கிறது என்று உணரும்போதே எழுந்து நடக்கத் தெம்பு இல்லாமல் போகலாம். பாதி திறந்த கதவு போதாது. அன்று சமையலை நிறுத்தி, துளைகளை அடைத்து, கோழியை வாணலியில் வறுத்தோம். விருந்தாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

ஆவணி முடிய எட்டு மாதங்கள். இரண்டாம் தட்டில் ஏழு சமையல்கள். ஒவ்வொன்றுக்கும் முன் தட்டித் தட்டிக் கேட்டாயிற்று, ஒலி மாறவில்லை. முக்காலி சரியவில்லை. கரி மட்டும் கம்பித்தட்டுக்கு ஆனதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் ஆகிறது. மக்காச்சோளக் கதிர், பன்னீர், அன்னாசித் துண்டு போன்ற விரைவில் சுட்டெடுப்பவற்றுக்குப் பழைய மெல்லிய கம்பித்தட்டுதான் இன்னும் நல்லது. வார்ப்புத் தட்டு சூடேறுவதற்குள் அவை சமைந்து முடிந்துவிடும். பூச்சு உரிந்ததைத் தூக்கியெறிந்துவிட்டு அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் ஒன்று செய்துவைத்திருக்கிறார்கள். வெளியூர் போகும்போது அதை மட்டும் எடுத்துப் போகிறார்கள். இரும்பைச் சேர்த்த பிறகு அடுப்பு ஒற்றைக் கையால் தூக்கும் பொருளாக இல்லை என்பதே உண்மை.

இனிச் செய்தால்

முதல் தட்டையே வார்த்திருக்க மாட்டோம். வரைபடத்தின் மேல் எடையையும் திறப்பின் சதவீதத்தையும் எழுதிவைத்து, பழைய தட்டின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். நாக்குகள் தாங்காது என்பதும் காற்று போகாது என்பதும் காகிதத்திலேயே தெரிந்திருக்கும். நாங்கள் அளந்தோம், ஆனால் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவில்லை.

மூடிக்கு இப்போது அடுப்பருகே ஒரு கொக்கி இருக்கிறது. அதைத் தவிர வேறெங்கும் மூடியை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

தட்டைத் தூக்குவதில் இன்னும் குறை உண்டு. சூடான அரைவட்டத்தை இடுக்கியால் பிடித்துத் தூக்கும்போது ஒருமுறை வழுக்கியது, கீழே விழவில்லை. இதற்கு அரைவட்டம் ஒவ்வொன்றிலும் கொக்கி நுழைய 20 மில்லிமீட்டர் கண் ஒன்று வைக்க வேண்டும். கண்ணைச் சுற்றி இரும்பு தடித்துவிடக் கூடாது என்பதில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். மூன்று முறை வரைந்து, மூன்றாவதைத்தான் ஒப்புக்கொண்டார். ஆசாரி பேட்டர்னில் அந்த மரத் துண்டை ஒட்டிவிட்டார். ஐப்பசி மழை நின்றதும் வார்க்கக் கொடுப்பதாக இருக்கிறோம்.